‘இலவச’ முதல் சந்திப்பில் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: இன்டீரியர் வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று மாலை அந்த நிறுவனத்திடமிருந்து கடைசிப் பதில் வந்துவிட்டது. ‘தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்’ என்று ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு குறுஞ்செய்தி. நாங்கள் கொடுத்த 85,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. கோபம் தணிந்த பிறகு எழுதலாமே என்று கணவர் சொன்னார். அது தணிவதற்குள் வேறொரு குடும்பம் அதே காட்சியகத்தில், அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதே வாக்குறுதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக இருக்கிறோம். பல ஊர்களில் காட்சியகம் வைத்து, இணையத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் பதிந்த சில நிமிடங்களில் அழைத்து, ‘முதல் ஆலோசனை முற்றிலும் இலவசம்’ என்று சொல்லி வரவழைக்கும் வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் போதும். முதல் சந்திப்பில் என்னென்ன கேட்க வேண்டும், எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும் என்பதைப் பதிவின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கரணைப் பக்கம் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை வாங்கினோம். சாவி கைக்கு வந்தபோது வீட்டுக் கடன் தவணை ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டின் வாடகை இன்னொரு பக்கம் என்று இரண்டையும் கட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே சமையலறை, இரண்டு அறைகளுக்கு அலமாரிகள், ஒரு பூஜை அலமாரி, அவற்றுக்கு மேலே லாஃப்ட் ஆகியவற்றை மட்டும் செய்துகொண்டு சீக்கிரம் குடிபோக வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொடுத்திருந்தால் வீட்டிலேயே பலகை இறக்கி, எங்கள் கண்ணெதிரே அறுத்துச் செய்து தந்திருப்பார். ஆனால் அடுக்குமாடிச் சங்கத்தில் மர வேலைச் சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு இருந்ததால், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துகிறவர்களே நல்லது என்று முடிவு செய்தோம்.

காட்சியகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. கணவர், நான், மாமியார் மூவரும் போனோம். எங்களைக் கவனித்த இளைஞர் தம்மை ‘சீனியர் டிசைனர்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் டிசைனரே இல்லை, விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது.

எங்கள் நம்பிக்கையை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான பகுதி. ஆகவே அதை விரிவாகவே எழுதுகிறேன். எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள் என்று அவர் எடுத்தவுடன் கேட்கவில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். பெரும்பாலும் அத்தைதான் என்று சொன்னவுடன், அவர் பக்கமாகவே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ‘அம்மா, மாவு வீட்டிலேயே ஆட்டுவீர்களா, கடையில் வாங்குவீர்களா? கிரைண்டரை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டார். தரையில் இருக்கிறது, குனிந்து கழுவ முடியவில்லை, முழங்கால் வலிக்கிறது என்று அத்தை சொன்னார். உடனே அவரை அங்கிருந்த மாதிரிச் சமையலறையின் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று டேப்பால் அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கிரைண்டருக்கு மட்டும் மேடையைவிடத் தாழ்வான ஒரு தட்டு, அது சிங்க்குக்கு அருகிலேயே இருக்கும், தூக்கி இறக்க வேண்டியதே இல்லை என்று படம் போட்டுக் காட்டினார். எரிவாயு உருளையை எங்கே வைப்பது, அரிசி டிரம்முக்கு எவ்வளவு இடம் வேண்டும், பூஜை அலமாரி ஈசானிய மூலையில் வருமா, விளக்கின் சூடு மேல் தட்டைத் தாக்காமல் இருக்க எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் வாய் திறக்காத அத்தை அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். ஒரு நல்ல இன்டீரியர் ஆலோசனை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அதனால்தான் இன்றுவரை என் கோபம் ஆறவில்லை. எதைக் கேட்டால் ஒரு குடும்பம் மனம் திறக்கும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள், அந்தத் தெளிவைப் பணம் வாங்குவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள்.

அடுத்து பலகையைப் பற்றிப் பேச்சு வந்தது. சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, மழைக்காலம் முழுவதும் சுவரில் ஈரம் இருக்கும், கரையான் பயமும் உண்டு என்று கணவர் சொன்னார். அதற்கு அவர் எங்களை ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் அழைத்துப்போனார். தண்ணீருக்குள் ஒரு பிளைவுட் துண்டு மூழ்கிக் கிடந்தது. மாதக்கணக்காகக் கிடக்கிறது, விளிம்புகூட உப்பவில்லை, ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், உங்கள் சமையலறை முழுவதும் இதுதான் என்று சொன்னார். கொதிநீரில் 72 மணி நேரம் வைத்தாலும் அடுக்குகள் பிரியாத தரம் என்று அவர் சொன்னது அந்தத் தர நிர்ணயத்தைப் பொறுத்தவரை உண்மைதான். எங்கள் வீட்டுக்கும் அதுதான் வரப்போகிறது என்பதே பொய்.

மொத்த மதிப்பீடு 8,50,000 ரூபாய் என்று கணினித் திரையில் காட்டினார். அதில் பத்து சதவீதமான 85,000 ரூபாயைச் செலுத்தினால் வேலை தொடங்கும் என்றும், அந்த மாதத் தள்ளுபடி அன்று இரவோடு முடிகிறது என்றும் சொன்னார். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று கணவர் எழுந்தார். அப்போது அவர் சொன்ன வாக்கியம் என் காதில் இன்னும் ஒலிக்கிறது: ‘சார், டிசைன் பிடிக்கவில்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும், இது வெறும் டோக்கன்தான், அம்மாவுக்காகவாவது இன்றைக்கே தொடங்கிவிடலாம்.’ வரைபடம் பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று நான் மறுபடியும் கேட்டேன். கேள்விக்கே இடமில்லை என்றார். நாங்கள் அங்கேயே 85,000 ரூபாயை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்த பிறகே ரசீது மின்னஞ்சலில் வந்தது. அந்த மின்னஞ்சலின் அடியில் ஓர் இணைப்பு. அதைத் திறந்தால் பல பக்க நிபந்தனைகள். அவற்றின் நடுவில், முன்பதிவுத் தொகை எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற ஒரு வரி. பணம் வாங்கும்வரை அந்த வரியை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

அதன் பிறகு அந்த இளைஞரை நாங்கள் பார்க்கவே இல்லை. வேறொரு ஊரிலிருந்து ஒரு பெண் காணொளி அழைப்பில் வந்து, தாம்தான் எங்கள் டிசைனர் என்றார். பண்பாகத்தான் பேசினார், அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காட்சியகத்தில் நாங்கள் சொன்னவற்றில் ஒரு சொல்கூட அவரிடம் போய்ச் சேரவில்லை. வீட்டில் எத்தனை பேர், சமைப்பது யார் என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். அத்தையின் முழங்கை உயரத்தைக் குறித்த நோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி எந்தக் குறிப்பும் தமது கோப்பில் இல்லை என்றும், மதிப்பீட்டுத் தொகையும் தள்ளுபடி விகிதமும் மட்டுமே இருக்கின்றன என்றும் சொன்னார்.

பின்னர் வரைபடங்கள் வந்தன. பார்வைக்குப் பளபளப்பாக இருந்தன. ஆனால் எங்கள் சமையலறையில் சுவர் இருக்கும் இடத்தில் படத்தில் ஜன்னல் இருந்தது; ஜன்னல் இருக்கும் இடத்தில் உயரமான ஓவன் அலமாரி நின்றது. எங்களிடம் ஓவனே கிடையாது. கிரைண்டருக்கான தாழ்ந்த தட்டு எங்குமே இல்லை. ஒரு தாளின் மூலையில் எங்களுடையது அல்லாத ஒரு வீட்டு எண் அழிக்கப்படாமல் இருந்தது. வேறு யாருக்கோ வரைந்ததை நிறம் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு நேரில் வந்து ஓர் அளவுகூட எடுக்காமல் முப்பரிமாணப் படம் எப்படிப் போட முடியும் என்று கேட்டதற்கு, நேரடி அளவெடுப்பு அடுத்த தவணை செலுத்திய பிறகே நடக்கும் என்று பதில் வந்தது. அடுத்த தவணை மொத்தத் தொகையில் பாதி.

வரைபடத்தோடு புதிய கொட்டேஷனும் வந்தது. 8,50,000 ரூபாய் இப்போது 12,50,800 ரூபாயாகிவிட்டது. லாஃப்ட் தனி, கைப்பிடிகள் தனி, மின் வேலை தனி, வண்டிக் கூலியும் பொருத்தும் கூலியும் தனி என்று சேர்த்து 10,60,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,90,800. காட்சியகத் திரையில் காட்டிய தொகையில் வரி சேரவில்லை என்பதை அன்றைக்கு ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. லாஃப்ட் வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தோம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது பலகை பற்றிய பத்திதான். சிங்க்குக்குக் கீழுள்ள ஒரு பெட்டிக்கு மட்டுமே மரைன் பிளைவுட் என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று ஒரே சொல். அது என்ன என்று விடாமல் கேட்டபோது, படுக்கையறை அலமாரிகளின் உட்பெட்டி பார்ட்டிகிள் போர்டு என்று ஒப்புக்கொண்டார்கள். மரச்சில்லையும் தூளையும் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை அது. விளிம்புப் பட்டை பிரிந்து உள்ளே ஈரம் இறங்கினால் பொரி மாதிரி உப்பிவிடும். பிறகு திருகாணிகூடப் பிடிக்காது. விலை குறைந்த பலகை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவர்கள்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஒன்றைக் காட்டிவிட்டு, தாளில் வேறொன்றை எழுதுவதைத்தான் மோசடி என்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிய நாளிலிருந்து தட்டிக்கழிப்பு தொடங்கியது. முதலில் எங்களை அழைத்த ‘உறவு மேலாளர்’, எங்கள் வேதனை தமக்குப் புரிகிறது, டிக்கெட் எழுப்பியிருக்கிறோம், மூன்று வேலை நாட்களில் பதில் வரும் என்றார். பதில் வரவில்லை. மறுபடியும் அழைத்தபோது, அவர் அந்தப் பிரிவிலிருந்து மாறிவிட்டார் என்று சொல்லி, புதிதாக ஒருவர் முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். விஷயத்தை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார் இன்னொருவர். மேலிடம் யார், அவருடைய மின்னஞ்சல் முகவரி என்ன என்று கேட்டால் அதைத் தர அனுமதி இல்லை என்றார். நேரில் காட்சியகத்துக்குப் போனோம். காபி கொடுத்தார்கள். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்று மதியம் வரை உட்கார வைத்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தபோது, அதே கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் வேறொரு கணவனும் மனைவியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மேலாளர் வந்து, 85,000 ரூபாய் வரைபடத்துக்கான கட்டணம், வரைபடம் கொடுத்துவிட்டோம், ஆகவே தர வேண்டியது எதுவும் இல்லை என்றார். முதல் ஆலோசனை இலவசம் என்று விளம்பரத்தில் இருக்கிறதே என்றேன். ஆலோசனைதான் இலவசம், டிசைன் இலவசம் இல்லை என்றார். பிடிக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்பும் என்று உங்கள் ஆள் சொன்னாரே என்றதற்கு, அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை, வாய்மொழியாகச் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றார். என் கணவர் குரலை உயர்த்தவே இல்லை. அப்படியிருந்தும், மற்ற வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று எங்களை ஓர் உள்ளறைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது: 85,000 ரூபாயை வரவுச் சீட்டாக வைத்துக்கொள்கிறோம், ஆறு மாதங்களுக்குள் நீங்களோ உங்கள் உறவினர்களோ எங்களிடம் வேலை கொடுத்தால் அதில் கழித்துக்கொள்வோம். எங்கள் உறவினர்களையும் அழைத்துவந்து அதே மேசைக்கு முன்னால் உட்கார வைத்தால் எங்கள் பணத்துக்கு மதிப்பு உண்டாம். எழுந்து வந்துவிட்டோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். அந்த அமைப்பு நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. நிபந்தனைகளின்படி தொகை திருப்பித் தரப்படாது என்ற அதே வரியை நிறுவனம் அங்கேயும் பதிலாகக் கொடுத்தது. அதைத் தொடர்ந்துதான் இன்று மாலை அந்த நட்சத்திரக் குறுஞ்செய்தி வந்தது. ஆகவே இனி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டையும் குறிப்பிட்டு எழுதச் சொல்லி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் வழிகாட்டியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவில் அத்தை ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். தன்னிடம் அவ்வளவு அக்கறையாகப் பேசிய பையன் பணத்துக்காகத்தான் பேசினான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரே புரிந்துகொண்டார். புது வீட்டில் கிரைண்டர் தரையிலேயே இருக்கட்டும், வீண் செலவு வேண்டாம் என்கிறார். இந்த 85,000 ரூபாயில் அந்தத் தாழ்ந்த தட்டோடு சமையலறையின் கீழ்ப் பகுதியில் பாதியாவது ஆசாரியை வைத்து முடித்திருக்கலாம்.

முடிவில் சொல்கிறேன் என்றவற்றை எழுதும் நிதானம் இப்போது எனக்கு இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நிபந்தனைத் தாளைப் பணத்துக்கு முன்னால் வாங்கிப் படியுங்கள். ‘திருப்பித் தரப்படும்’ என்பதை நிறுவனத்தின் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் வரையப் போகிறவரா என்று நேராகக் கேளுங்கள். உட்பெட்டி, கதவு, பின்பலகை ஒவ்வொன்றுக்கும் பலகையின் வகை, கனம், ஐஎஸ் எண் ஆகியவை கொட்டேஷனில் தனித்தனியாக இருக்க வேண்டும். பலகை வந்து இறங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையின் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி, லாஃப்ட், பொருத்தும் கூலி எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து அளவெடுக்காதவருக்கு எந்தத் தொகையும் கொடுக்காதீர்கள். இன்றிரவோடு முடியும் தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும். எங்களுக்குப் பிறகு போன என் சக ஊழியருக்கும் அதே தள்ளுபடியை அதே ‘இன்றிரவு வரை’ கெடுவோடு சொல்லியிருக்கிறார்கள்.

இதே வகை நிறுவனத்தில் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், இனித் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் மட்டும் கேளுங்கள். ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், இரண்டு கொட்டேஷன்கள், வேறொரு வீட்டு எண் பதிந்த அந்த வரைபடத் தாள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். வழக்கறிஞர் அறிவிப்பு இந்த வாரமே போகிறது. 85,000 ரூபாயும் அதற்கான வட்டியும் வழக்குச் செலவும் கேட்டிருக்கிறோம்.